சிக்கந்தர் சொல்லாமல் விட்ட பாதி

தம்பி,

இதைப் படிக்க ஆரம்பிக்குமுன் அறையில் கூட இருக்கிறவர்களை வெளியே போகச் சொல். இல்லையென்றால் நீ எழுந்து வெளியே போய்விடு. போனில் பேசிவிடலாம் என்றால் உன் அம்மா பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். மகன் குரல் கேட்டுவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட அவளுக்குத் தெரியாது. அதனால்தான் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். நீலக் குறி விழுந்ததும் நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வருகிற திங்கட்கிழமை சிக்கந்தர் கேஸில் எனக்குக் கோர்ட்டில் சாட்சி. சம்மன் வந்துவிட்டது. பாண்டியைக் கொன்றது சிக்கந்தர்தான் என்று போலீஸ் எழுதியிருக்கிற காகிதத்தில், அதற்கு முட்டுக் கொடுத்து நிற்கிற பெரிய தூண் நான்தான் என்று வக்கீல் சொல்கிறார். நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதையே கூண்டிலும் சொன்னால் என் சிநேகிதன் ஆயுசுக்கும் உள்ளே போவான். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். காரியாபட்டிப் பெண் வீட்டார் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி அனுப்பிவிட்டார்கள். நான் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று உன் அம்மா தினம் இரண்டு தடவை கேட்கிறாள். அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். நேராகச் சொல்கிற தைரியம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நம் பருத்திக்குள் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி நுழைந்ததே, நினைவிருக்கிறதா? நீ விரட்டத்தான் கல்லை எறிந்தாய். அது நெற்றிப் பொட்டில் பட்டு, அங்கேயே காலை உதைத்துக்கொண்டு செத்துப்போனது. நீ அழுதுகொண்டே ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாய். நான் என்ன செய்தேன்? வரப்போரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். சாயங்காலம் அந்த வீட்டு அம்மா குட்டியைக் காணோமென்று கூப்பிட்டுக்கொண்டே அலைந்தபோது, நானும் அவளோடு சேர்ந்து ஓடைக்கரை வரைக்கும் தேடினேன். நரி தூக்கியிருக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னேன். நீ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகை நின்றுபோயிருந்தது. பிள்ளை பயம் தெளிந்துவிட்டான் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். என்ன தெளிந்துகொண்டாய் என்று இப்போதுதான் புரிகிறது.

சிக்கந்தரும் நானும் திருச்சுழி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் பத்து வருஷம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து, நம் ஊர்ப் பக்கம் வேலிக்கருவைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கரிமூட்டம் போட ஆரம்பித்தான். என்னையும் தொழிலுக்குள் இழுத்துவிட்டவன் அவன்தான். வெட்டிய விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அதை விட்டு நகர முடியாது. எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் சாம்பல். புகை வெள்ளையாக இருந்தால் விறகு இன்னும் வேகிறது, நீலமாக மாறினால் அந்த இடத்தை உடனே மண்ணால் அடைக்க வேண்டும். சிக்கந்தர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதே தூரத்துப் புகையைப் பார்த்து "ஏலே, அது எவன் மூட்டம்? வாய் தெறந்து கெடக்கு" என்று சொல்லிவிடுவான். வீட்டுக்கு வந்தால் உன்னை மருமகனே என்றுதான் கூப்பிடுவான். உனக்குத் துபாய் விசா வாங்கித் தந்தது அவன் தம்பி என்பதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

பாண்டிக்கும் அவனுக்கும் எப்போதும் ஆகாது. குத்தகைக் காட்டுக்குள் புகுந்து வேலிக்கு முள் வெட்டுவான், கேட்டால் எகிறுவான். ஒரு நாள் குடித்துவிட்டு வந்து எரிகிற மூட்டத்தில் கம்பை விட்டுக் குத்திவிட்டான். ஒரு லோடு விறகு சாம்பலாகப் போனது. மறுநாள் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது சிக்கந்தர் கொதித்துப்போய், "இன்னொரு தடவ அந்தப் பக்கம் வந்தேன்னா உன்னைய உள்ள வச்சு மூடிருவேன்" என்றான். நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்த பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், மூட்டத்துக்குப் பத்தடி தள்ளிப் பாண்டி மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் கைலியெல்லாம் ரத்தமாகச் சிக்கந்தர் உட்கார்ந்திருந்தான். ஜும்ஆவுக்கு ஒரு வெள்ளிகூடத் தவறாதவன் அன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. "நான் வந்தப்பவே கெடந்தான், தூக்கிப் பாத்தேன், தண்ணி குடுத்தேன், போயிட்டான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எதை வைத்து அடித்தார்கள் என்று தேடி, போலீஸுக்குக் கடைசி வரை ஒன்றும் கிடைக்கவில்லை.

டீக்கடைப் பேச்சை நான்தான் போலீஸில் சொன்னேன். பொய் இல்லை, காதால் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னைப் பற்றிக் கேட்டபோது, "என் மகன் அன்னைக்கு மத்தியானம் வீட்ல தூங்கிட்டு இருந்தான், நான் பாத்தேன்" என்று அதையும் சொன்னேன். நான் பார்க்கவில்லை, தம்பி. அன்றைக்கு நான் அருப்புக்கோட்டையில் விதை வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த மாதம் வெள்ளிக்கிழமைதோறும் சிக்கந்தர் தொழுகைக்குப் போய் வருகிற நேரத்தில் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டது நீ என்பது நம் இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். "இந்த வாரம் போகலப்பா" என்று நீ சொன்னாய், நான் சரி என்றேன். பாண்டி பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் பார்க்க உன்னை அறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் வண்டி அவன்மேல் லேசாக உரசியதற்கு அந்த அறை. நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் திரும்பி வரும்போது நீ பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தாய். போட்டிருந்த சட்டையையும் அங்கேயே துவைத்தாய். உன் சட்டையை நீயே துவைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இத்தனையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. போலீஸ் விசாரணை, பாஸ்போர்ட், விசா, நாற்பது நாளில் பயணம் என்று மனசு உன்னைச் சுற்றியே ஓடியது. அந்த ஓட்டத்தில் சிக்கந்தரை மிதித்துக்கொண்டு போனேன்.

இனி அந்தச் சத்தியத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக என்னைத் தின்கிறது அதுதான். போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த அந்த வாரமே ஊரில் கூடி, அந்தப் பக்கம் நடமாடின ஆம்பளைகள் எல்லோரும் கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அதற்கு இரண்டு வாக்கு உண்டு. நான் செய்யவில்லை என்பது ஒன்று. செய்தவன் யாரென்றும் எனக்குத் தெரியாது என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லிவிட்டு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அந்த வருஷம் பூசை முறை நம் வீட்டுக்கு. நான்தான் தட்டுப் பிடித்திருக்க வேண்டும். நீ வந்து, "அப்பா, உங்களுக்குக் கை நடுங்குது, குடுங்க நான் பிடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாய். பெரியவர்களெல்லாம் எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று பார்த்தார்கள். நானும் பூரித்துப்போனேன். இருபத்திமூன்று பேர் வரிசையாக வந்து உன் கையில் இருந்த தட்டில் அடித்து அணைத்தார்கள். தட்டுப் பிடிக்கிறவனிடம் யாரும் சத்தியம் கேட்பதில்லை.

கடைசியில் சிக்கந்தர் வந்தான். கோயில் பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார். "பாய், நீங்க சூடம் அணைக்க வேணாம். உங்க அல்லா பேரச் சொல்லியே சொல்லுங்க, நாங்க ஏத்துக்கிடுதோம்." சிக்கந்தர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தட்டுக்கு நேராக, உனக்கு நேராக நின்றான். "அல்லா மேல ஆணையா பாண்டியக் கொன்னது நான் இல்ல." குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. "மத்ததையும் சொல்லுங்க பாய்" என்றார் பெரியவர். அவன் சொல்லவில்லை. "சொல்லுங்க, செஞ்சது யாருன்னு தெரியாதுன்னு சொல்லுங்க." அவன் வாயைத் திறக்கவேயில்லை. தட்டில் சூடம் தானாக எரிந்து அணைந்துபோனது. கூட்டம் முணுமுணுத்தது, பிறகு கத்தியது. பாண்டியின் பொண்டாட்டி செல்வி மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். அவன் நகராமல் நின்றான். நான் அவனைப் பார்த்து, குற்றவாளி, பாதிச் சத்தியத்தை முழுங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஐந்து வேளையும் தொழுகிறவன், பொய்ச் சத்தியம் பண்ண வாய் வரவில்லை என்று அறிவாளி மாதிரி உன் அம்மாவிடம் விளக்கம் வேறு சொன்னேன். அதில் பாதி சரிதான். பொய்ச் சத்தியம் பண்ணத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஜெயிலுக்குப் போய் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஜாமீனில் வந்தபின் அருப்புக்கோட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பஜாரில் ஒரு தடவை எதிரே வந்தான், நான் மருந்துக் கடைக்குள் நுழைந்து தேவையில்லாமல் தலைவலி மாத்திரை வாங்கினேன். நாற்பது வருஷச் சிநேகிதத்துக்கு நான் காட்டிய விசுவாசம் அவ்வளவுதான்.

போன மாதம் நான் புதிதாக ஒரு மூட்டம் போட்டேன். மூட, ஏற்கனவே சுட்ட மண் இருந்தால் நல்லது, விரியாது. சிக்கந்தரின் அந்தக் கடைசி மூட்டம் பார்க்க ஆளில்லாமல் அன்றைக்கே உள்ளே விழுந்து சாம்பலாகி அப்படியே கிடந்தது. செத்தவன் கிடந்த இடம் என்று இரண்டு வருஷமாக ஒரு ஆடுகூட அங்கே மேயவில்லை. நான்தான் துணிந்து போய் மண்ணை வாரினேன். நாலாவது கூடையில் இரும்பு தட்டுப்பட்டது. மண்வெட்டி. பிடி எரிந்துபோய் வெறும் தலை மட்டும். பிடி சொருகுகிற காது விரிந்துபோனதென்று திருச்சுழி பட்டறையில் நான் கூடவே நின்று வளையம் போட்டு அடித்த மண்வெட்டி, தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போய், "யாரோ இரவல் வாங்கிட்டுப் போனாங்கம்மா, பேரு ஞாபகமில்ல" என்று நீ உன் அம்மாவிடம் சொன்ன மண்வெட்டி. அந்தப் பொட்டல் வெயிலில் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது.

சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நேராக அருப்புக்கோட்டை போனேன். சிக்கந்தர் வீட்டு முன்னறையில் பாயில் உட்கார்ந்து ஏதோ வயர்க் கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தான். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வா மாப்ள" என்றான், நேற்றுத்தான் பிரிந்தவன் மாதிரி. நான் சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தான். "மூடு, அக்கா வந்துரும்" என்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஏலே, ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ கேக்கலயே மாப்ள" என்றான். "ஊரே கேட்டுச்சு, போலீஸு கேட்டுச்சு. நீ ஒரு தடவகூட வந்து, சிக்கந்தரே நீ செஞ்சியான்னு கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீ வருவேன்னு, ஜெயில்ல ஆளப் பாக்க விடுற ஒவ்வொரு மனு நாளும் சட்டையப் போட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு வண்டியை எடுத்துப் பாதி வழி போனவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். புகை ஒரு பக்கமாக நீலமாகக் கொட்டியிருக்கிறது. காவலுக்கு ஆள் இருந்தால் அப்படி விடமாட்டானே என்று தொழுகையை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான். வந்தால் பாண்டி கிடக்கிறான், நீ நிற்கிறாய். "என் ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சிட்டான் மாப்ள. அப்பாகிட்ட நானே சொல்லிருதேன் மாமா, ஒரு நாளு பொறுத்துக்கோங்கன்னான். சரி, நீ சொல்ற வரைக்கும் நான் சொல்லலன்னு வாக்குக் குடுத்தேன். ஒரு நாளுன்னுதான் நெனச்சேன்." கையிலிருந்த வயரை இழுத்து இறுக்கினான். "தட்டப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். இப்பச் சொல்லிருவான், இப்பச் சொல்லிருவான்னு நானும் அவனயே பாத்தேன்."

நான் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வெட்கப்படாமல் அழுதேன். அவன், "ஒன்னைய மன்னிக்கிறது என் கையில இருக்கு. மன்னிச்சுட்டேன், எந்திரி" என்றான். உன்னையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கு அவன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான். "எனக்குச் செஞ்சத வேணா விட்டுர்றேன். பாண்டிக்குச் செஞ்சத நான் மன்னிக்க முடியுமா? அது செல்வி கையில இருக்கு. அவகிட்டப் போயி யாரு கேக்கணுமோ அவந்தான் கேக்கணும்." கிளம்பும்போது சாக்கை என் கையில் கொடுத்து, "வாக்கு நான் குடுத்தது, நீ குடுக்கல" என்று மட்டும் சொன்னான். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செல்வி நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். உன் கல்யாணத்துக்கு அரிசி புடைக்க வருவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "எம் புருசன் சாவுக்கு ஞாயம் கேட்டு நீங்க ஒருத்தவுகதான் சாட்சி சொல்ல வந்தீக" என்று என்னைக் கும்பிட்டாள். அவள் மகள் பின்னால் நின்று நம் வீட்டுச் சுவரில் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப் பக்கம் எழுந்து போய்விட்டேன். அவள் புடைத்த அரிசியில் வடித்த சோற்றை நீ எப்படி உண்பாய், நான் எப்படிப் பரிமாறுவேன்? காரியாபட்டியில் மருதாணிக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. பாண்டி முதலில் கை ஓங்கியிருக்கலாம், குடித்துவிட்டுக் கண்டபடி பேசியிருக்கலாம், நீ ஒரே அடிதான் அடித்திருக்கலாம். அதையெல்லாம் கோர்ட் கேட்கும், தண்டனையிலும் வித்தியாசம் இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அதை உன் வாயால்தான் சொல்ல முடியும். வேறு யார் சொன்னாலும் அது வெறும் மண்வெட்டிதான். நீ வீட்டில் தூங்கியதாக நான் எழுதிக் கொடுத்த பொய்க்கு எனக்கும் கிடைக்கிறது கிடைக்கட்டும். அப்பன் கற்றுக்கொடுத்ததைத்தானே மகன் செய்தான். ஆட்டுக்குட்டியைப் புதைத்த அன்று உன்னை அந்த அம்மாவின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இரண்டு அடி வாங்கியிருப்பாய், ஒரு குட்டிக்குப் பதில் கொடுத்திருப்போம், அதோடு போயிருக்கும்.

உன்மேல் எனக்குப் பாசம் போய்விட்டது என்று நினைக்காதே. போயிருந்தால் எவ்வளவு லேசாக இருக்கும்! நேற்றுக்கூட உன் பழைய செருப்பை வெயிலில் காய்கிறதென்று எடுத்து உள்ளே வைத்தேன். நீ ஜெயிலில் இருந்தால் மனு நாள் தவறாமல் வருவேன். சிக்கந்தரிடம் செய்த தப்பை உன்னிடம் செய்யமாட்டேன். உன் அம்மாவையும் கூட்டி வருவேன். அவளுக்கு எப்படிச் சொல்லப் போகிறேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. மண்வெட்டி சாக்கோடு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. திங்கள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அதை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பேன். பாண்டி உன்னை அறைந்த அதே ஸ்டாப்தான். நீ வந்தால் முதலில் நீ பேசு, நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன். இந்தத் தடவை தட்டைப் பிடிக்க முடியாது, உன் முறை வந்துவிட்டது. நீ வரவில்லையென்றால் நான் கூண்டில் ஏறி, என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குள் தினமும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேனோ அதைச் சொல்வேன். கொன்றது சிக்கந்தர் இல்லை. செய்தவன் யாரென்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா